பூச்சிக்கும் பூசாரிக்கும் என்ன சம்பந்தம்?

பாலித் தீவு என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கடற்கரையும், படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இறங்கும் பச்சை வயல்களும்தான். காலண்டர் படங்களில் வருமே, அதே வயல்கள். ரொம்ப அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே எழுதப் போவது அந்த அழகைப் பற்றி அல்ல. அந்த வயல்களுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது, எப்போது போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், 1970களில் அதில் கை வைத்தபோது என்ன ஆனது என்பதைப் பற்றி. நான் படித்த வரலாற்றுச் சங்கதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. சில விஷயங்களைத் தனியாகப் பிடுங்கி எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே புரியாது, பக்கத்தில் இருப்பதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புரியும். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கொஞ்சம் பூகோளம்.

பாலி சின்னத் தீவு. ஆறாயிரம் சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. நடுவில் எரிமலைகள். அதில் பதூர் என்ற எரிமலையின் பெரும்பள்ளத்தில் ஓர் ஏரி. மலைப் பக்கமிருந்து ஆறுகள் கடலைப் பார்த்து இறங்குகின்றன. நம்ம காவிரி மாதிரி சமவெளியில் அகலமாக விரிந்து வரும் ஆறுகள் இல்லை இவை. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தில் ஓடுபவை. மேலே வயல், கீழே அதலபாதாளத்தில் ஆறு. தண்ணீர் எப்படி மேலே ஏறும்? ஏறாது. அதனால் ஆற்றின் மேல்பகுதியிலேயே சின்ன அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கொண்டுபோய், வெகுதூரம் தள்ளி இருக்கும் வயல்களில் விடுகிறார்கள். இந்தச் சுரங்கம் வெட்டுகிறவர்களைப் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டுச் சாசனத்திலேயே குறிப்பு இருக்கிறது. அதாவது ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தொழில்.

ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் வாங்கும் விவசாயிகளின் சங்கத்துக்கு 'சுபக்' என்று பெயர். ஒரு ஊருக்கு ஒரு சுபக் என்று கணக்கு இல்லை. நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பது முக்கியமில்லை, உங்கள் வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணீர் என்பதுதான் கணக்கு. தீவு முழுக்க சுமார் 1,200 சுபக்குகள், ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது.

தண்ணீரைப் பங்கு போட அவர்கள் வைத்திருந்த கருவி ரொம்ப எளிமையானது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் அகலமாக இருந்தால் அந்தப் பக்கம் அதிகப் பங்கு, குறுகலாக இருந்தால் குறைந்த பங்கு. ஆற்றில் வெள்ளம் வந்தாலும் சரி, தண்ணீர் குறைந்தாலும் சரி, விகிதம் மாறாது. யார் வேண்டுமானாலும் வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். "எனக்குக் கம்மியா விட்டுட்டே"ன்னு யாரும் யாரையும் சொல்ல முடியாது. இந்தக் கட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்து கோயில்கள். வயல் மூலையில் ஒரு சின்ன மாடம். வாய்க்கால் தலைப்பில் ஒரு கோயில். பல சுபக்குகளுக்குப் பொதுவாக இன்னும் பெரிய கோயில். எல்லாவற்றுக்கும் மேலே, பதூர் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் உலுன் தானு பதூர் கோயில். (முன்பு கீழே ஏரிப் பக்கம் இருந்தது. 1926ல் எரிமலை வெடித்து ஊரையே மூடியதால் மேலே கொண்டுவந்துவிட்டார்கள்.) தெய்வத்தின் பெயர் தேவி தானு, ஏரியின் அம்மன். தலைமைப் பூசாரிக்கு ஜெரோ கெடே என்று பட்டம். சிறு பையனாக இருக்கும்போதே தேர்ந்தெடுக்கப்படுகிறவர், ஆயுள் முழுக்க அந்தப் பதவி, எப்போதும் வெள்ளை உடை.

இந்தக் கோயில்களில் நடப்பது பூஜை மட்டுமில்லை. எந்த சுபக் எப்போது நாற்று நடலாம், எப்போது வயலைச் சும்மா போடணும் என்பதும் அங்கே கூடித்தான் பேசி முடிவாகும். பாலிக்காரர்களின் சடங்குக் காலண்டர் 210 நாள் சுற்று. நம்ம ஏழு நாள் வாரம் மட்டுமில்லாமல் மூன்று நாள் வாரம், ஐந்து நாள் வாரம் என்று பத்து விதமான வாரங்கள் ஒரே சமயத்தில் ஓடும். வெளியாள் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் பல வாய்க்கால்களின் முறையை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் அடுக்குவதற்கு இது ரொம்ப வசதி. புதிதாக அணை கட்டணும், தண்ணீர் பங்கில் தகராறு என்றாலும் விவசாயிகள் மலையேறி ஜெரோ கெடேயிடம்தான் போவார்கள்.

சரி, இதையெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

1849ல் வடக்கு பாலியையும், 1906-08ல் தெற்கு பாலியையும் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். நிலவரி வசூலிக்கணுமே, அதனால் பாசனம் யார் கையில் இருக்கிறது என்று தேடினார்கள். ராஜாக்கள் கையிலா, கிராமங்கள் கையிலா என்று அவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம். கோயில்களை ரொம்பப் பேர் பொருட்படுத்தவில்லை. அது 'மதம்' என்ற தலைப்பில் வரும் விஷயம், இது 'பாசனம்' என்ற தலைப்பு. ஆபீஸில் இரண்டும் வேறு வேறு ஃபைல் :-)

பிறகு அறிஞர்கள் வந்தார்கள். 1957ல் கார்ல் விட்ஃபோகல் ஒரு பிரபலமான வாதத்தை வைத்தார். பெரிய பாசனம் இருந்தால் அதை நிர்வகிக்க ஒரு பலமான மைய அரசு வேண்டும், கீழை நாட்டு சர்வாதிகாரமே அதிலிருந்துதான் பிறந்தது என்றார். பாலி அந்தச் சட்டைக்குள் நுழையவில்லை. ஒரே ஆற்றில் பல சின்ன ராஜ்ஜியங்கள், ஒன்றோடு ஒன்று சண்டை போட்டுக்கொண்டு. ஆனாலும் பாசனம் நடந்தது. 1980ல் க்ளிஃபர்ட் கீர்ட்ஸ் தன்னுடைய 'நெகாரா' நூலில் நடவு நேரத்துக்கும் சடங்கு வரிசைக்கும் தொடர்பு இருப்பதைக் கவனித்து எழுதினார். ஆனால் அதற்குள் களத்தில் வேறு ஒரு கதை ஆரம்பித்துவிட்டிருந்தது.

அதுதான் பசுமைப் புரட்சி.

ஐ.ஆர்.8 என்ற பெயரை நம்மூர் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ல் வெளியிட்ட குட்டை ரகம். வேடிக்கை என்னவென்றால், அதன் பெற்றோரில் ஒன்று பீட்டா என்ற இந்தோனேஷிய நெல்தான். பேரப்பிள்ளை ஊர் திரும்பிய மாதிரி அது இந்தோனேஷியாவுக்கு வந்தது. அப்போது இந்தோனேஷியா உலகத்திலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்று. ஜனங்களுக்குச் சோறு போட வேண்டிய அவசரம் அரசாங்கத்துக்கு இருந்தது. அதைக் கிண்டல் செய்வது நியாயமில்லை. 1984ல் அந்த நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது, அதில் புது ரகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாலியில் 1970களின் தொடக்கத்தில் திட்டம் வந்தது. விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் ஒரே கட்டாக, கடனில். பழைய ரகங்களை விடச் சொன்னார்கள். புது நெல் சீக்கிரம் விளையும், ஆகவே கோயில் முறைக்காகக் காத்திருக்காதே, முடிந்த போதெல்லாம் நடு என்றார்கள். 1977 வாக்கில் தெற்கு-மத்திய பாலியின் வயல்களில் சுமார் 70 சதவீதம் புது நெல்லுக்கு மாறிவிட்டது. முதலில் விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது. மகசூல் கூடியது, எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் வந்தது புகையான்.

நெல் பயிரிடுகிறவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்த மாதிரி பயிர் காய்ந்து போகும். புகையானுக்குத் தாக்குப்பிடிக்கும் ரகம் என்று ஐ.ஆர்.36ஐக் கொடுத்தார்கள். ஒரு தொல்லை அடங்கினால் இன்னொன்று. தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய் வந்தது. அதற்கு ஒரு ரகம், பிறகு வேறு ஒரு நோய். நடுவில் எலிகள். மருந்து மேல் மருந்து. கூடவே தண்ணீர்ச் சண்டை. எல்லோரும் எப்போது வேண்டுமானாலும் நட்டால் தண்ணீர் யாருக்கு, எப்போது என்று ஒழுங்கே இல்லாமல் போயிற்று.

பல இடங்களில் விவசாயிகள் "கோயில் முறைக்கே திரும்பிப் போறோம்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் அது பழமைவாதமாகப் பட்டது. பூச்சி வந்தால் மருந்து அடிக்கணும், கோயிலுக்குப் போய் என்ன செய்வது? கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. பூச்சிக்கும் பூசாரிக்கும் என்ன சம்பந்தம்?

இதே சமயம், 1979ல், ஆசிய வளர்ச்சி வங்கியின் பாலிப் பாசனத் திட்டம் ஆரம்பமானது. கான்கிரீட் அணைகள், இரும்புக் கதவுகள். பழைய மரக்கட்டைக்குப் பதிலாக ஏற்றி இறக்கக்கூடிய கதவு. இன்ஜினியர் கண்ணுக்கு இது முன்னேற்றம். விவசாயி கண்ணுக்கு? கட்டையில் இருந்த பங்கு எல்லோருக்கும் தெரியும். கதவை யாராவது ராத்திரியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு மரக்கட்டை தண்ணீரை மட்டும் பிரிக்கவில்லை, ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்படாமல் இருக்கவும் வழி செய்து கொண்டிருந்தது. வரைபடத்தில் அதெல்லாம் வராது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் வருகிறார். 1970களிலிருந்தே பாலியில் கோயில்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். கோயில் கூட்டங்களில் பேசப்படுவது பெரும்பாலும் தண்ணீர் பற்றியும் நடவு பற்றியும் என்று அவர் கவனித்தார். ஆனால் 'கோயில் முறை விளைச்சலுக்கு உதவுகிறது' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் ஜேம்ஸ் க்ரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து ஒரு கணினி மாதிரி செய்தார். ஓஸ், பெதானு என்ற இரண்டு ஆறுகள், அவற்றில் 172 சுபக்குகள். மழை, ஆற்றின் அளவு, நெல்லின் வளர்ச்சி, பூச்சி பரவும் வேகம் எல்லாம் உள்ளே.

அதில் வெளிவந்ததுதான் சுவாரஸ்யம்.

புகையான், எலி இவற்றுக்கெல்லாம் சாப்பாடு நெல். ஒரு பெரிய பரப்பு முழுக்க ஒரே சமயத்தில் அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்தால் பூச்சிக்குச் சாப்பாடு இல்லை, செத்துப் போகும். ஆளுக்கொரு நேரத்தில் நட்டால் இந்த வயலில் அறுத்ததும் அது பக்கத்து வயலுக்குப் போய்விடும், வருஷம் பூரா விருந்து. ஆகவே எல்லோரும் ஒன்றாக நட வேண்டும்.

ஆனால் எல்லோரும் ஒன்றாக நட்டால், நடவு சமயத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும். ஆற்றில் அவ்வளவு இருக்காது. ஆகவே மாற்றி மாற்றி நட வேண்டும்.

இந்த இரண்டும் எதிர் எதிர் திசையில் இழுக்கின்றன. பூச்சியை மட்டும் பார்த்தால் ஒரு பதில், தண்ணீரை மட்டும் பார்த்தால் நேர் எதிரான பதில். சரியான இடம் நடுவில் எங்கேயோ இருக்கிறது. சில சுபக்குகள் சேர்ந்து ஒரு கூட்டாக ஒரே நேரத்தில் நடணும், அடுத்த கூட்டு கொஞ்சம் தள்ளி நடணும். அந்தக் கூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தால் லாபம்? மாதிரியில் விதவிதமாகப் போட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட கோயில் கூட்டுகளின் அளவில் வைத்தபோதுதான் விளைச்சல் உச்சத்துக்குப் போனது.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். கோயிலையே மாதிரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சுபக்கும் தன் இஷ்டத்துக்கு ஒரு நடவு முறையோடு ஆரம்பிக்கும். வருஷக் கடைசியில் அக்கம்பக்கம் பார்த்து யாருக்கு நல்ல விளைச்சலோ அவரைக் காப்பியடிக்கும். அவ்வளவுதான் விதி. கணினிக் கணக்கில் பத்து வருஷம் போல ஓடியதும், நிஜத்தில் இருக்கும் கோயில் கூட்டுகளை ஒத்த ஒரு வரைபடம் தானாகவே உருவாகிவிட்டது! யாரும் மேலிருந்து திட்டம் போடவில்லை. ராஜாவும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. 1991ல் 'பூசாரிகளும் புரோகிராமர்களும்' என்று பொருள்படும் தலைப்பில் லான்சிங் புத்தகம் எழுதினார். கணினி ஆய்வு 1993ல் கட்டுரையாக வந்தது.

எனக்கு இதிலேயே பிடித்த பகுதி அடுத்தது. நம்மூரிலும் இருக்கும் பழைய பஞ்சாயத்து, தலைமடைக்கும் கடைமடைக்கும். தலைமடைக்காரருக்குத் தண்ணீர் முதலில் வருகிறது. அவர் ஏன் கடைமடைக்காரருக்காக விட்டுக்கொடுக்கணும்? நல்ல மனசா? கடவுள் பயமா? பாலியில் விவசாயிகளிடமே கேட்டார்கள், உங்களுக்குப் பெரிய கவலை எது என்று. கடைமடையில் இருப்பவர்கள் 'தண்ணீர்' என்று சொல்வது அதிகம். தலைமடையில் இருப்பவர்கள் 'பூச்சி' என்று சொல்வது அதிகம். அங்கேதான் முடிச்சு. கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அவன் வேறு நேரத்தில் நடுவான். வேறு நேரத்தில் நட்டால் அங்கே வளரும் பூச்சி மேலே ஏறி வரும். ஆக மேலே இருப்பவன் கீழே விடும் தண்ணீர், தன் வயலுக்கு அவன் அடிக்கும் பூச்சிமருந்து மாதிரி! இந்தக் கணக்கை 2005ல் லான்சிங்கும் ஜான் மில்லரும் சேர்ந்து எழுதினார்கள்.

இப்போது அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பூச்சிக்கும் பூசாரிக்கும் என்ன சம்பந்தம்? பூச்சி தண்ணீரோடு சம்பந்தப்பட்டது, தண்ணீர் நடவு நேரத்தோடு, நடவு நேரம் பக்கத்து சுபக்கோடு, பக்கத்து சுபக்கைப் பார்த்துப் பேசும் இடம் கோயில். நாலு கண்ணி தாண்டி சம்பந்தம் இருக்கிறது. பூச்சித் துறை தனியாக, நீர்ப்பாசனத் துறை தனியாக, மதம் தனியாக உட்கார்ந்திருந்தால் அது யார் கண்ணிலும் படாது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆளுக்கொரு துண்டு சரியாகத்தான் பார்த்தார்கள்.

பூச்சிமருந்து விஷயத்திலும் இதே கதைதான். பீட்டர் கென்மோர் என்பவர் பிலிப்பைன்ஸில் செய்த ஆராய்ச்சியில் தெரிந்தது, மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகுகிறது என்று. ஏனென்றால் மருந்தில் முதலில் சாவது புகையானைத் தின்னும் சிலந்திகள். 1986ல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். உரத்திலும் அப்படித்தான். எரிமலை மண்ணிலிருந்து பாஸ்பேட்டும் பொட்டாஷும் வாய்க்கால் தண்ணீரிலேயே கரைந்து வந்து கொண்டிருந்தன. அதற்கு மேல் மூட்டை மூட்டையாகப் போட்ட உரத்தில் மிச்சம் ஆறு வழியாகக் கடலுக்குத்தான் போனது என்று 2001ல் லான்சிங் குழு எழுதியது. அதற்கும் முன்பே, 1988ல், ஆசிய வளர்ச்சி வங்கியின் தணிக்கை அறிக்கை பழைய முறையின் அருமையை உணராததற்குக் கொடுத்த விலை அதிகம் என்று ஒப்புக்கொண்டது. ஒரு வங்கி இப்படி எழுதுவது சாதாரண விஷயமில்லை.

இந்த இடத்தில் "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடலாம். நிறைய பேர் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கோயில் பழையது என்பதால் அது வேலை செய்யவில்லை. அந்த மலை, அந்த ஆறு, அந்தப் பூச்சி, அந்த மரக்கட்டை இவற்றோடு பொருந்தியதால் வேலை செய்தது. அதே கோயில் முறையைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறு சமவெளியில் நட்டால் ஐ.ஆர்.8ஐப் பாலியில் நட்ட கதைதான் ஆகும். தவிர, லான்சிங் சொன்னதே முடிவு என்றும் இல்லை. பிரிகிட்டா ஹவுசர்-ஷாய்ப்லின் போன்றவர்கள் அவர் ராஜாக்களின் பங்கைக் குறைத்துச் சொல்கிறார் என்று 2003ல் ஆட்சேபம் எழுப்பினார்கள். கோயில்களுக்கு நிலமும் அதிகாரமும் ராஜாக்களிடமிருந்துதானே வந்தது என்ற கேள்வி நியாயமானது. சுபக்குகளையும் கோயில்களையும் மட்டும் பார்த்து ராஜாவை விட்டுவிட்டால், நாமும் ஒரு கண்ணியை விட்டவர்கள் ஆவோம்.

2012ல் சுபக் முறையையும் அதன் வயல்களையும் கோயில்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மொத்தம் 19,500 ஹெக்டேர். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வயலைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள், அவர்கள் தங்க ஓட்டல் வேண்டும், ஓட்டலுக்கு நிலமும் தண்ணீரும் வேண்டும். வயலாக இருந்த இடம் வில்லாவாகிறது. ஒரு சுபக்கில் பாதிப் பேர் வயலை விற்றுவிட்டால் மீதிப் பேர் வாய்க்காலை எப்படித் தூர்வாருவது? பக்கத்து சுபக் யாரோடு சேர்ந்து நேரம் பார்த்து நடுவது? வயல் ஒவ்வொன்றாகப் போகும்போது பெரிதாகத் தெரியாது. ஒரு விவசாயி ஒரு காணியை விற்கிறார், அவ்வளவுதானே என்று இருக்கும். அந்தக் காணி எந்தக் கட்டையில், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் வாங்கியது, அதற்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் போனது எவ்வளவு என்று தெரியும்.

பாலிக்குப் போகிறவர்கள் அந்தப் படிக்கட்டு வயல்களைக் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள். போட்டோ எடுத்து முடித்ததும், வாய்க்கால் வந்து பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் நடந்து போய் ஒரு கட்டையோ கதவோ இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஒரு சின்ன மாடம் இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.